செரெண்டிப்பிட்டி: வெறும் அதிர்ஷ்டமா, அதற்கும் மேலா?

நீலாம்பரி:
எல்லோருக்கும் வணக்கம். அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். செரெண்டிப்பிட்டி (serendipity) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்திலெல்லாம் கை நின்றுவிடுகிறது. அகராதி விளக்கங்களை எடுத்தால் தற்செயல், நல்வாய்ப்பு, எதிர்பாராத நற்பேறு என்று சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. எனக்கு அது போதவில்லை. இப்போது என் முன்னால் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. சொல்லை அப்படியே விட்டுத் தருகிறேன்:

பெனிசிலின் கிடைத்தது செரெண்டிப்பிட்டியால்.

பத்து வருடமாகப் பார்க்காத தோழி ரயிலில் எதிர் இருக்கையில்! என்ன ஒரு செரெண்டிப்பிட்டி!

நல்ல ஆய்வகம் செரெண்டிப்பிட்டிக்கு இடம் விட்டு வைக்கும்.

மூன்றிலும் 'தற்செயல்' என்று போட்டுப் பாருங்கள். இரண்டாவது சரியாக வருகிறது. முதலாவதில் ஏதோ குறைகிறது. மூன்றாவதில் பொருளே நிற்கவில்லை. தற்செயலுக்கு யார் இடம் விட்டு வைப்பார்கள்? ஒரே சொல் ஏன் மூன்று இடத்தில் மூன்று விதமாக நடந்துகொள்கிறது? நீங்கள் எப்படிப் புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

கதிரவன்:
அக்கா, எனக்கு இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. எதிர்பாராமல் நல்லது நடந்தால் அதுதான் செரெண்டிப்பிட்டி. தமிழில் இதற்குப் பழமொழிக்கா பஞ்சம்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. இடத்துக்குத் தகுந்தபடி ஒன்றை எடுத்துப் போடலாமே.

நூலகன்:
கதிரவன், நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சொல் பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். இவ்வளவு துல்லியமாகப் பிறந்த தேதி தெரிந்த சொற்கள் குறைவு.

1754 ஜனவரி 28. இங்கிலாந்து எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், பிளாரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த நண்பர் ஹொரேஸ் மேனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். மேன் அவருக்கு பியாங்கா கப்பெல்லோ என்ற பெண்ணின் ஓவியத்தை அனுப்பியிருந்தார். அந்தக் கப்பெல்லோ குடும்பத்தின் சின்னம் பற்றி ஒரு விவரம் பழைய வெனிஸ் புத்தகம் ஒன்றில் வால்போல் கண்ணில் பட்டுவிடுகிறது. அந்த உற்சாகத்தில், இந்த மாதிரி கண்டுபிடிப்பைத்தான் நான் செரெண்டிப்பிட்டி என்பேன் என்று எழுதி, சொல்லுக்கு விளக்கமும் தருகிறார். செரெண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவர் பற்றிய கதையைப் படித்தாராம். அவர்கள் பயணம் போகும்போது, தாங்கள் தேடாத விஷயங்களைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்களாம்.

இந்த 'தற்செயலாலும் கூர்மதியாலும்' என்பதைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. கூடவே 'தேடாத' என்ற மூன்றாவது நிபந்தனையும் உண்டு. நாம் புழங்கும்போது முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றிவிட்டோம். நீலாம்பரி சொல்லும் குறை அங்கேதான் இருக்கிறது.

அதே கடிதத்தில் வால்போல் தரும் இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஒரு நாள் கிளாரண்டன் பிரபு வீட்டில் சாப்பிடப் போகிறார். பந்தியில் கிளாரண்டனின் மனைவி தன் சொந்த மகளையே அளவுக்கு மீறி மரியாதையாக நடத்துவது அவர் கண்ணில் படுகிறது. பெற்ற தாய் மகளிடம் இப்படி ஏன் பணிய வேண்டும்? அவள் அரசரின் தம்பியான யார்க் கோமகனுக்கு ரகசியமாக மணமாகிவிட்டாள் என்று அந்த இடத்திலேயே ஊகித்துவிடுகிறார். அவர் உளவு பார்க்கப் போகவில்லை, சாப்பிடத்தான் போனார். அதே மேசையில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் உண்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

அலைமகள்:
செரெண்டிப் என்பது இலங்கை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது 'சேரன் தீவு' என்பதன் திரிபு என்று அடிக்கடி பகிரப்படுவதைப் பார்க்கிறேன். அது உண்மைதானா?

நூலகன்:
அந்தக் கருத்தைச் சொல்பவர்கள் உண்டு, அலைமகள். ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது வேறு வழி. சிம்ஹளத்வீப என்ற வடமொழிப் பெயர், பாளியில் சீஹளதீப, அரபியிலும் பாரசீகத்திலும் சரந்தீப், அங்கிருந்து இத்தாலிய வாயில் செரெந்திப்போ. நான்காம் நூற்றாண்டு ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ், ஜூலியன் பேரரசரிடம் தூது வந்தவர்களைக் குறிப்பிடும்போதே 'செரெந்திவி' என்று எழுதுகிறார். ஆக, அரபு வணிகம் பெருகுவதற்கு முன்பே இந்த வடிவம் மேற்கே போய்விட்டது. கடைசியில் உள்ள 'தீவு' மட்டும் எப்படிப் பார்த்தாலும் தீவுதான். மற்றதைப் பெருமைக்காக இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. நமக்கு இதைவிட நெருக்கமான உறவு அந்தக் கதையிலேயே இருக்கிறது.

பூங்குழலி:
ஐயா எதைச் சொல்ல வருகிறார் என்று தெரிந்துவிட்டது, ஒட்டகக் கதைதானே! நானே சொல்கிறேன்.

வால்போல் படித்த கதையின் இத்தாலிய வடிவம் 1557-இல் வெனிஸில் அச்சானது. அதற்கு முன்பே 1302 வாக்கில் டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ பாரசீக மொழியில் பாடிய கதைகளில் அது உண்டு. அதில் இளவரசர்கள் ஒட்டகத்தைப் பார்க்காமலேயே அதன் அடையாளங்களைச் சொல்வார்கள். (வால்போல் நினைவிலிருந்து எழுதியதால் ஒட்டகம் கோவேறு கழுதையாகிவிட்டது.)

தமிழில் இதே கதை அலகாபுரி ராஜாவின் நான்கு மந்திரிகள் கதையில் வருகிறது. அலகேச கதை என்பார்கள். நடேச சாஸ்திரி அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வெளியிட்டிருக்கிறார். ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் ஒருவன் எதிரே வருகிறான். நான்கு இளைஞர்களில் ஒருவன், 'உன் ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டியா?' என்கிறான். அடுத்தவன், 'வலக்கண் குருடா?' என்கிறான். மூன்றாமவன், 'வால் குட்டையா?' நான்காமவன், 'வயிற்றுவலியா?' இவ்வளவும் சரியாகச் சொல்கிறவர்கள் திருடாமல் எப்படி இருப்பார்கள் என்று வணிகன் அரசனிடம் இழுத்துப் போகிறான்.

அவர்கள் சொல்லும் விளக்கம்தான் கதையின் உயிர். தடத்தில் மூன்று கால்தான் அழுந்தப் பதிந்திருந்தது. இடப்பக்கத்து இலைகள் மட்டும் கடிக்கப்பட்டிருந்தன, வலப்பக்கம் தொடவே இல்லை. வழியெல்லாம் ரத்தச் சொட்டு. கொசுவையும் ஈயையும் விரட்ட வால் எட்டவில்லை. முன்னங்கால் தடம் ஆழம், பின்னங்கால் தடம் மேலோட்டம். வலியில் வயிற்றைச் சுருக்கிக்கொண்டு நடந்திருக்கிறது.

இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? அந்தப் பாதையில் அன்றைக்குப் போனது தற்செயல், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கண்ணும் புத்தியும்.

கதிரவன்:
பூங்குழலி, கதை அருமை. ஆனால் ஒரு கேள்வி. இதில் இளவரசர்களுக்கு என்ன நன்மை கிடைத்தது? அவர்கள் செய்தது துப்பறிதல். அப்படியானால் 'இனிய விபத்து' என்ற பொருளே இந்தக் கதைக்குப் பொருந்தவில்லையே.

பூங்குழலி:
நியாயமான கேள்வி. கதைக்கும் சொல்லின் இன்றைய பொருளுக்கும் இடையே அந்த இடைவெளி உண்மையிலேயே இருக்கிறது. 'நன்மை' என்பது பிறகு ஏறிய சாயல். வால்போலின் விளக்கத்தில் 'கண்டுபிடிப்பு' இருக்கிறது, 'மகிழ்ச்சி' என்று தனியாக ஒன்று இல்லை.

அறிவொளி:
நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். இந்தச் சொல் விஞ்ஞானிகள் கைக்கு வந்த கதையையும் சேர்க்கிறேன். வால்போலின் கடிதம் அச்சில் வந்ததே 1833-இல்தான். அப்புறமும் நெடுங்காலம் பழம்புத்தகப் பிரியர்கள் வட்டத்துக்குள்ளேயே கிடந்தது. உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1945-இல் தன் ஆய்வு வாழ்க்கை பற்றிய நூலில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். எதிர்பாராத ஒரு தகவல், ஏற்கெனவே தெரிந்ததோடு ஒட்டாத தகவல், ஆனால் புதிய கோட்பாட்டுக்கு வழி திறக்கும் தகவல். இந்த மூன்று குணமும் சேர வேண்டும் என்றார். இந்தச் சொல்லின் வரலாற்றை மட்டுமே வைத்து எலினார் பார்பருடன் சேர்ந்து ஒரு நூலை 1958-இல் எழுதி முடித்தார். அது ஆங்கிலத்தில் வெளிவந்தது 2004-இல்.

இனி பெனிசிலினுக்கு வருகிறேன். 1928 செப்டம்பரில் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை ஆய்வகத்துக்குத் திரும்புகிறார். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற நுண்ணுயிரை வளர்த்து வைத்த தட்டுகளில் ஒன்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. எங்கள் வேலையில் தட்டில் பூஞ்சை பிடிப்பது வாடிக்கை. பிடித்தால் தட்டு கழுவப் போய்விடும். அவர் அந்தப் பூஞ்சையைச் சுற்றி நுண்ணுயிர்க் கூட்டங்கள் கரைந்து ஒரு வெற்று வளையம் இருந்ததைப் பார்த்தார். போரின்போது காயங்கள் சீழ்பிடிப்பதை நேரில் பார்த்து, நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தேடி வருடக்கணக்கில் உழைத்த கண் அது. நுண்ணுயிர்களைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதியை ஏற்கெனவே கண்டறிந்தவர். அதனால்தான் வளையம் அவருக்குப் பேசியது.

அதோடு முடியவும் இல்லை. 1929-இல் அவர் கட்டுரை எழுதிய பிறகு, அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செய்ன் குழுவின் உழைப்பு. 1945 நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்துத்தான். 'பூஞ்சை பறந்து வந்து விழுந்தது, மருந்து கிடைத்தது' என்று எழுதினால் அத்தனை பேருடைய உழைப்பும் ஒரே வரியில் காணாமல் போய்விடும். 'தற்செயலாக' என்று மொழிபெயர்ப்பதை நான் இதற்காகத்தான் எதிர்க்கிறேன்.

கதிரவன்:
அறிவொளி அண்ணா, தற்செயலைக் குறைத்துப் பேசவும் கூடாது அல்லவா? அந்தப் பூஞ்சை வராமல் இருந்திருந்தால் எவ்வளவு கூர்மதி இருந்தும் என்ன பயன்?

அறிவொளி:
ஒத்துக்கொள்கிறேன், இரண்டும் வேண்டும். ஆனால் தற்செயல் மட்டும் நடந்து, கண் இல்லாமல் போனதற்கும் சான்று இருக்கிறது. ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. அதற்கு ஐந்து வருடத்துக்கும் மேலாக முன்பு, 1890 பிப்ரவரி 22 அன்று, பிலடெல்ஃபியாவில் ஆர்தர் குட்ஸ்பீட் என்ற பேராசிரியரும் வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரரும் மின்பொறிகளைப் படம் எடுத்துவிட்டு, க்ரூக்ஸ் குழாய் என்ற, மின்சாரம் பாய்ச்சும் வெற்றிடக் கண்ணாடிக் குழாயையும் இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒளிப்படத் தட்டுகள், அவற்றின் மேல் நாணயங்கள். தட்டைக் கழுவியபோது வட்ட நிழல்கள் விழுந்திருந்தன. என்னவென்று புரியவில்லை, தட்டை ஓரமாக வைத்துவிட்டார்கள். ரான்ட்கன் அறிவிப்பு வந்த பிறகுதான் அதை எடுத்துப் பார்த்தார்கள். உலகின் முதல் எக்ஸ் கதிர்ப் படங்களில் ஒன்று அது. அதே குழாய், அதே கதிர். அங்கே நடந்தது தற்செயல் மட்டும், ரான்ட்கனுக்கு நடந்தது செரெண்டிப்பிட்டி. இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு சொல் தமிழில் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

நூலகன்:
இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது, நன்றி. இனி கதிரவனின் பழமொழிகள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததை, காக்கை உட்கார்ந்ததற்கும் பழம் விழுந்ததற்கும் தொடர்பில்லை என்று சொல்லவே பயன்படுத்துகிறோம். காரணம் இல்லாத இடத்தில் காரணம் கற்பிக்காதே என்பது அதன் எச்சரிக்கை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வருவதில் தேடியதே கிடைக்கிறது, சுலபமாகக் கிடைக்கிறது. தேடிப்போன மூலிகை காலில் சிக்கிய கதையும் அப்படித்தான். பழம் நழுவிப் பாலில் விழுவது நல்லதோடு நல்லது சேர்வது. விழுந்ததைக் கண்டுகொள்ள யாரும் தேவையில்லை.

அமைப்பில் மிக நெருங்கி வரும் பழமொழி ஒன்று உண்டு: கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஒன்றைத் தேடிப் போய் வேறொன்றில் முட்டுவது அதில்தான் அச்சாக இருக்கிறது. ஆனால் முடிவு கேடு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததும் அதே ரகம். கிணறு வெட்டிப் புதையல் எடுத்ததற்கு நம் பேச்சில் தயாராக ஒரு பழமொழி இல்லையோ என்று தோன்றுகிறது. யாருக்காவது தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

மாறன்:
குறளில் ஒரு சொல் தயாராக இருக்கிறதே: ஆகூழ். 'ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி' (குறள் 371). அதிர்ஷ்டத்துக்கு ஆகூழ், துரதிர்ஷ்டத்துக்குப் போகூழ் என்று இணையத்தில் பலர் எழுதவும் தொடங்கிவிட்டார்கள். செரெண்டிப்பிட்டிக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பூங்குழலி:
மாறன், ஆகூழ் எனக்கும் பிடித்த சொல். அந்தக் குறளில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆகூழ் நேராகப் பொருளைக் கொண்டுவந்து மடியில் கொட்டுவதில்லை. சோராத முயற்சியாக ஒருவனுக்குள் தோன்றுகிறது, அந்த முயற்சி பொருளைத் தருகிறது. அந்த அளவுக்குச் செரெண்டிப்பிட்டிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் ஊழ் ஊழ்தான். எல்லாம் முன்பே வகுக்கப்பட்டது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. வால்போலின் சொல்லில் வகுத்தவன் யாரும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே மங்கிவிடும். அதிர்ஷ்டத்துக்கு ஆகூழ் என்பதை முழு மனதோடு ஆதரிக்கிறேன், இதற்கு வேண்டாம்.

மாறன்:
சரி, ஏற்கிறேன். அப்படியானால் இதைச் சொல்லுங்கள். உ.வே.சாமிநாதையர் 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனது செரெண்டிப்பிட்டியா? மரியாதை நிமித்தமான சந்திப்பு. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். எதற்கும் அசையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார் முதலியார். அந்த ஒரு கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு, அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு. தமிழ் உலகில் இதைவிடப் பெரிய உதாரணம் உண்டா?

நூலகன்:
மாறன், எனக்குச் சிலிர்க்கிறது. ஆனால் செரெண்டிப்பிட்டி அந்தச் சந்திப்பில் இருக்கிறதா என்று நிதானித்துப் பார்க்கிறேன். கேள்வியைக் கேட்டவர் இன்னொருவர், அவர் வேண்டுமென்றே கேட்டார். ஐயர் பக்கமிருந்து பார்த்தால் அது பெரும் நல்வாய்ப்பு. அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் பேசும் விஷயம். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைப் புரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தார். உரையில் மேற்கோள்கள் வந்துகொண்டே இருக்கின்றன, எந்த நூலிலிருந்து என்று தெரியவில்லை, அவர் அதுவரை படித்த எதிலும் இல்லை. தாம் அறியாத ஒரு பெரிய நூல் உலகம் இருக்கிறது என்று அந்த மேற்கோள்களை வைத்தே உணர்கிறார். அவர் தேடியது ஒரு வரிக்குப் பொருள், கண்ணில் பட்டது சங்க இலக்கியத்தின் தடம். ஒட்டகத்தைப் பார்க்காமல் தடத்தைப் பார்த்தவர்களின் வேலை இதுதானே!

அலைமகள்:
இப்போது எனக்கு ரயில் தோழி வாக்கியம்தான் உறுத்துகிறது. அந்தச் சந்திப்பில் கூர்மதி எங்கே? தப்பான பிரயோகம் என்று தள்ளிவிடலாமா?

பூங்குழலி:
தள்ள முடியாது, அலைமகள். ஆங்கிலத்தில் கோடிப்பேர் அப்படித்தான் புழங்குகிறார்கள். சொல் பொதுச்சந்தைக்கு வந்ததும் 'இனிய தற்செயல்' என்ற பொருளும் நிலைத்துவிட்டது. மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் வால்போலுக்கு விசுவாசமாக இருக்க வேண்டியதில்லை, அந்த வாக்கியத்துக்கு இருந்தால் போதும்.

அறிவொளி:
எதிர்த் திசையிலும் ஒரு நழுவல் இருக்கிறது. தேடிக்கொண்டிருந்த பொருளே விபத்தில் கிடைத்தாலும் செரெண்டிப்பிட்டி என்கிறார்கள். ரப்பரை வெப்பத்தில் உருகாமல் நிலைநிறுத்தும் வழியைத்தான் குட்இயர் வருடக்கணக்கில் தேடினார். 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு வழி திறந்தது. தேடியது அதுவேதான். ராய்ஸ்டன் ராபர்ட்ஸ் என்ற வேதியியலாளர் இதைப் போலிச் செரெண்டிப்பிட்டி என்று தனியே பிரித்தார். பெர்க்கின் கதை அப்படியல்ல. 1856-இல் 18 வயதில் மலேரியா மருந்தான குயினின் செய்யப் போனார், கறுப்புக் கசடு வந்தது, குடுவையைக் கழுவும்போது ஊதா நிறம் கண்ணில் பட்டது. குயினினை விட்டுவிட்டுச் சாயத்தைப் பிடித்துக்கொண்டார். இது அசல்.

மூன்றாவது வாக்கியத்துக்கும் ஒன்று. 1964-இல் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் நியூ ஜெர்சியில் கொம்பு வடிவ ஆன்டெனாவை வைத்து அளவீடு செய்துகொண்டிருந்தபோது ஓர் இரைச்சல் விடாமல் வந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும், இரவானாலும் பகலானாலும் ஒரே அளவு. உள்ளே கூடு கட்டிய புறாக்களை அகற்றி, எச்சத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தும் போகவில்லை. சின்ன இரைச்சல்தானே, கழித்துவிட்டுக் கணக்கை முடிப்போம் என்று அவர்கள் விடவில்லை, விடச் சொல்லி யாரும் நெருக்கவும் இல்லை. பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் எச்சம் அது என்று தெரிந்தது. 1978-இல் நோபல் பரிசு. 'இடம் விட்டு வைப்பது' என்றால் இதுதான், நீலாம்பரி. ஒட்டாத ஒரு எண்ணைத் துரத்திப் பார்க்க நேரமும் அனுமதியும்.

மாறன்:
அப்படியானால் ஆக்கச் சொல்லாக 'தேடாப்பேறு' எப்படி? சின்னது, வாயில் சுலபமாக வருகிறது.

நூலகன்:
அழகான சொல். ஆனால் பேறு என்றதும் பெறுபவர் சும்மா இருக்கிறார், எதுவோ வந்து சேர்கிறது. எனக்குப் பார்ப்பவர் வேண்டும். 'தேடாக் கண்டடைவு' என்றால் கண்ணும் வருகிறது, அடைதலும் வருகிறது, தேடவில்லை என்பதும் வருகிறது. வினையாக்கவும் வசதி: தேடாமல் கண்டடைந்தார்.

கதிரவன்:
தேடாக் கண்டடைவு கொஞ்சம் கனமாக இருக்கிறது, ஐயா. பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள். தேடாப்பேறு பரவ வாய்ப்பிருக்கிறது. குட்ஸ்பீட் கதையைப் படித்த பிறகு நானும் வெறும் 'தற்செயல்' என்று எழுதப் போவதில்லை, ஆனால் சொல் மக்கள் வாயில் நிற்க வேண்டும்.

நீலாம்பரி:
எல்லோருக்கும் நன்றி. இப்படித்தான் அனுப்பப் போகிறேன்:

பெனிசிலின், ஃபிளெமிங் தேடாமல் கண்டடைந்தது.

பத்து வருடமாகப் பார்க்காத தோழி ரயிலில் எதிர் இருக்கையில்! என்ன ஒரு இனிய தற்செயல்!

நல்ல ஆய்வகம், தேடாதது கண்ணில் பட்டால் அதன் பின்னால் போய்ப் பார்க்கவும் இடம் விட்டு வைக்கும்.

மூன்றிலும் பெயர்ச்சொல்லை விட்டு வினைக்கோ விளக்கத்துக்கோ போனதும் வாக்கியம் தானாக அமைந்துவிட்டது. கட்டுரைத் தலைப்பில் மட்டும் பெயர்ச்சொல் தவிர்க்க முடியாதது. அங்கே 'தேடாக் கண்டடைவு' என்றே வைத்து, முதல் பத்தியில் செரெண்டிப்பிட்டி என்று ஒரு முறை குறிப்பிட்டுவிடுகிறேன். கதிரவன், உங்கள் மறுப்பு மனதில் இருக்கிறது; பதிப்பாசிரியருக்குத் 'தேடாப்பேறு' என்பதையும் மாற்றாக எழுதி அனுப்புகிறேன்.

அறிவொளி:
முதல் வாக்கியத்தில் ஒரு சின்னத் திருத்தம். அவர் கண்டடைந்தது பெனிசிலினின் செயலை, மருந்தை அல்ல. 'பெனிசிலினின் ஆற்றலை ஃபிளெமிங் தேடாமல் கண்டடைந்தார்' என்று போட்டால் ஃப்ளோரி, செய்ன் இருவருக்கும் அடுத்த வரியில் இடம் கிடைக்கும்.

நீலாம்பரி:
மாற்றிவிட்டேன்.